பெரிய முதலாளி, சின்ன முதலாளி: மூர்த்தியும் சிக்காவும் விட்டுப்போன கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இரண்டு சொற்கள் நன்றாகப் பழக்கம். பெரிய முதலாளி, சின்ன முதலாளி. பெரிய முதலாளி தோல் ஷாப்பை ஆரம்பித்தவர். மாலை போட்ட படமாக ஆபீஸ் அறையில் இருப்பார். சின்ன முதலாளி வெளியூரிலோ வெளிநாட்டிலோ படித்துவிட்டு வந்து, ஷாப்பை ஷூ கம்பெனியாக்கி, வெளிநாட்டு பையர்களோடு இங்கிலீஷில் பேசுகிறவர். இவர்களில் யார் பெரிய ஆள் என்ற வாக்குவாதத்தை சின்ன வயதிலிருந்து டீக்கடைகளில் கேட்டு வருகிறேன்.

அப்பா ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அந்தப் பேச்சில் அவர் கலந்துகொண்டு நான் பார்த்ததில்லை. கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் நானே கேட்டேன். "பெரியவரு பேரச் சொல்லிக் கூப்புடுவாரு. வூட்ல இன்னா விசேஷம்னு கேப்பாரு. சின்னவருக்கு என் பேரே தெரியாது. ஆனா பி.எஃப். மாசாமாசம் கட்டிட்றாரு. உனுக்கு எது வேணும், சொல்லு" என்றார்.

நாராயண மூர்த்திக்கும் விஷால் சிக்காவுக்கும் நடந்த சண்டையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அப்பாவின் அந்தக் கேள்விதான் முதலில் ஞாபகம் வந்தது. 2017இல் முடிந்துபோன விவகாரத்தை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்கலாம். ஐ.டி.யில் வேலை பார்க்கும் நண்பர்களோடு உட்கார்ந்தால், செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சு அரை மணி நேரத்தில் அங்கேதான் போய் நிற்கிறது. "சிக்கா இருந்திருந்தா..." என்று ஒருவர் தொடங்குவார். "மூர்த்தி இல்லன்னா உனக்கு வேலையே இல்ல" என்று இன்னொருவர் முடிப்பார். இரண்டு வாக்கியங்களையும் நான் சொல்லியிருக்கிறேன். இரண்டும் போதாது என்று இப்போது நினைக்கிறேன்.

1

மூர்த்தியின் 'எ பெட்டர் இந்தியா: எ பெட்டர் வேர்ல்ட்' 2009இல் வெளிவந்தது. அவருடைய உரைகளின் தொகுப்பு. கடைசி வருஷம் கல்லூரி விழாவில் அது எனக்குப் பரிசாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்த முதல் இங்கிலீஷ் புத்தகம் என்பதால் அப்பா அதற்கு பிரவுன் அட்டை போட்டுத் தந்தார். இரண்டே நாளில் படித்து முடித்தேன். சிட்லகட்டாவில் பிறந்த பள்ளி ஆசிரியரின் மகன், மனைவி சுதா தந்த 10,000 ரூபாயோடு 1981இல் ஆறு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார். அது 1999இல் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலாகும் முதல் இந்திய நிறுவனமாகிறது. ஒரு தோல் தொழிலாளியின் பிள்ளைக்கு இந்தக் கதை என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதலாளி வீட்டில் பிறக்காதவனும் முதலாளி ஆகலாம், அதுவும் யாரையும் ஏமாற்றாமல் ஆகலாம் என்று முதல்முறையாக ஒருவர் சொன்னார். நம்பினேன்.

அண்மையில் அதை மறுபடி படித்தேன். நேர்மை, வெளிப்படைத்தன்மை பற்றிய உரைகளில் இன்னமும் ஒரு நெருப்பு இருக்கிறது. பழைய யூகோஸ்லாவியாவின் நிஷ் ரயில் நிலையத்தில் பிடித்து அடைக்கப்பட்ட இளம் மூர்த்தி, இடதுசாரியாகப் போய் 'கருணையுள்ள முதலாளித்துவம்' பேசுகிறவராகத் திரும்பிய கதை நல்ல கதை. 1990இல் கம்பெனியை 10 லட்சம் டாலருக்கு விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தபோது, உங்கள் பங்குகளையெல்லாம் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று மற்ற நிறுவனர்களிடம் அவர் சொன்னதும் அப்படித்தான். கையில் பணமில்லாமல் சொன்ன சொல் அது.

ஆனால் இந்த முறை ஒன்று உறுத்தியது. புத்தகம் முழுக்க ஒழுக்கம் மனிதர்களிடம் இருக்கிறது, அமைப்புகளிடம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது. தலைவன் எளிமையாக இருந்தால் நிறுவனம் எளிமையாகும், தலைவன் நேர்மையாக இருந்தால் நிறுவனம் நேர்மையாகும் என்பதே அடிநாதம். தன் கழிவறையைத் தானே கழுவும் பழக்கத்தைப் பற்றி மூர்த்தி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், சாதியோடு சேர்த்தே சொல்லியிருக்கிறார். அதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரிலோ சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. அங்கிருந்து பார்க்கும்போது, தானாக ஏற்ற எளிமையும் தலையில் வந்து விழுந்த எளிமையும் ஒரே எடையில் நிற்பதில்லை. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். அங்கே நல்ல முதலாளி, கெட்ட முதலாளி என்பதைவிட சங்கம் இருக்கிறதா, இல்லையா என்பது முக்கியமான கேள்வி.

நல்ல மனிதரை நம்பி நடக்கும் அமைப்பில், அந்த மனிதர் எழுந்து போகும் நாளில்தான் பிரச்சினை ஆரம்பிக்கும். போக மனமில்லாவிட்டால் இன்னும் பெரிய பிரச்சினை.

2

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மூர்த்தி 1981 முதல் 2002 வரை சி.இ.ஓ. பிறகு நந்தன் நிலேகணி, கிரிஸ் கோபாலகிருஷ்ணன், ஷிபுலால் என நிறுவனர்களே வரிசையாக வந்தார்கள். 2011இல் மூர்த்தி தலைவர் பதவியையும் விட்டு விலகினார். வளர்ச்சி மந்தமானதும் 2013 ஜூனில் திரும்ப அழைக்கப்பட்டார். கூடவே மகன் ரோஹனும் உதவியாளராக வந்தார். நிறுவனர்களின் பிள்ளைகள் கம்பெனிக்குள் வரமாட்டார்கள் என்று அதுவரை பெருமையாகச் சொல்லிவந்த நிறுவனம் அது. இருவரும் ஒரு ரூபாய் சம்பளம்தான் வாங்கினார்கள், ஒரு வருஷத்தில் போயும் விட்டார்கள். ஆனாலும் சின்ன முதலாளி வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

2014 ஆகஸ்டில் விஷால் சிக்கா வந்தார். ஸ்டான்ஃபோர்டில் செயற்கை நுண்ணறிவில் முனைவர் பட்டம், எஸ்.ஏ.பி. நிறுவனத்தில் ஹானா என்ற தரவுத்தள மென்பொருளை முன்னெடுத்த அனுபவம். நிறுவனர் அல்லாத முதல் சி.இ.ஓ. 2020க்குள் 2,000 கோடி டாலர் வருவாய், 30 சதவீத லாப விகிதம், ஆளுக்கு 80,000 டாலர் வருவாய் என்று இலக்கு வைத்தார். ஆட்களைக் கூட்டி வருவாயைக் கூட்டும் பழக்கத்திலிருந்து வெளியேறுவோம் என்பது இதன் பொருள். 2015இல் முறையான உடை கட்டாயமில்லை என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓபன்ஏஐ என்ற அமைப்பு தொடங்கப்பட்டபோது வெளியான நன்கொடையாளர் பட்டியலில் இன்ஃபோசிஸ் பெயரும் இருந்தது.

பிறகு சண்டை. 2015இல் 20 கோடி டாலருக்கு வாங்கிய பனாயா என்ற இஸ்ரேலிய நிறுவனம், விலகிப்போன நிதி அதிகாரி ராஜீவ் பன்சாலுக்கு ஒப்புக்கொண்ட 17.38 கோடி ரூபாய், சிக்காவின் 1.1 கோடி டாலர் வரையிலான ஊதியத் திட்டம், 2017 ஏப்ரலில் பிரவீண் ராவுக்குத் தந்த பெரிய சம்பள உயர்வு என ஒன்றன்பின் ஒன்றாக மூர்த்தி கேள்வி எழுப்பினார். 2014இல் விலகியதுதான் தன் பெரிய வருத்தம் என்று 2017 ஜூலையில் தொலைக்காட்சியில் சொன்னார். ஆகஸ்ட் 18 அன்று சிக்கா விலகினார். மூர்த்தியின் தொடர் தாக்குதல்தான் காரணம் என்று சேஷசாயி தலைமையிலான இயக்குநர் குழு வெளிப்படையாகவே அறிக்கை விட்டது. அன்று பங்கு விலை ஏறத்தாழ 10 சதவீதம் சரிந்தது. ஆறு நாளில் நிலேகணி தலைவராகத் திரும்பினார். 2018 ஜனவரியில் சலில் பரேக் சி.இ.ஓ. ஆனார்.

3

நிர்வாக ஒழுங்கு விஷயத்தில் இரண்டு பேருக்கும் பாதிப்பாதி மார்க் போடுவேன். பன்சால் தொகை பற்றிய மூர்த்தியின் கேள்வி சரியான கேள்வி. அதை உரிய நேரத்தில் வெளிப்படுத்தாத விவகாரத்தை நிறுவனம் பின்னால் செபியோடு சமரசம் செய்துதான் முடிக்க வேண்டியிருந்தது. பனாயா விஷயம் வேறு. வெளியிலிருந்து வந்த சட்ட நிறுவனம் விசாரித்து முறைகேடு இல்லை என்றது. மூர்த்தி தரப்பின் விருப்பத்தோடு வந்த நிலேகணியின் குழுவும் 2017 அக்டோபரில் அதையே உறுதி செய்தது. ஆக, அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை.

பிரவீண் ராவ் சம்பளம் பற்றிய கடிதம் வந்த அன்று நான் மூர்த்தி கட்சி. கீழே இருப்பவர்களுக்கு 6 முதல் 8 சதவீத உயர்வு கொடுத்துவிட்டு மேலே ஒருவருக்கு 60, 70 சதவீதம் கொடுப்பது எப்படி நியாயம் என்று அவர் கேட்டார். நான் வேலை பார்த்தது வேறொரு கம்பெனி. ஆனாலும் அந்தக் கடிதத்தை என் டீமில் எல்லோரும் வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டோம். எங்கள் பேரைச் சொல்லி ஒரு பெரிய மனிதர் கேட்கிறார் என்ற சந்தோஷம். அதே ஆண்டு ஆட்குறைப்புப் பேச்சு வந்தபோது, மூத்தவர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு இளையவர்களைக் காப்பாற்றலாம் என்றும் அவர் சொன்னார். 2001 மந்தத்தில் அப்படிச் செய்ததையும் நினைவூட்டினார்.

ஆனால் எண்களைப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் தணிந்துவிடுகிறது. 2010களின் தொடக்கத்தில் பெரிய சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். பத்து வருஷம் கழித்தும் ஏறத்தாழ அதே தொகை. இதற்குள் காட்பாடியில் வீட்டு வாடகை எவ்வளவு ஏறியது என்று அங்கே குடியிருந்தவர்களைக் கேட்டால் தெரியும். இந்த நிலைமை சிக்கா காலத்தில் தொடங்கியதும் இல்லை, அவர் போனதும் மாறவும் இல்லை. மலிவான இளைஞர்கள் வரிசையில் வந்துகொண்டே இருப்பார்கள் என்பது அந்தத் தொழில்முறையின் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரத்தை முன்னின்று போட்டவர்களில் மூர்த்தி முக்கியமானவர். பேரைச் சொல்லிக் கூப்பிடும் முதலாளியின் அன்பு பொய்யில்லை. அந்த அன்பு சம்பளச் சீட்டில் ஏறாது, அவ்வளவுதான்.

சிக்கா கட்சிக்காரர்களின் வாதத்துக்கு வருகிறேன். "எல்லாரும் தூங்கிக்கிட்டிருந்தப்ப அவர் ஏ.ஐ.ய பாத்தார்." உண்மை. சாட்ஜிபிடி 2022 நவம்பரில்தான் வந்தது. ஏழு வருஷம் முன்பே அவருக்கு அந்தத் திசை தெரிந்திருந்தது. ஆனால் ஓபன்ஏஐக்கு அறிவித்தது நன்கொடை, பங்கு இல்லை. சிக்கா இருந்திருந்தால் இன்ஃபோசிஸுக்கு ஓபன்ஏஐயில் பங்கு இருந்திருக்கும் என்று சொல்வது ஆசைக் கணக்கு. லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 'டிசைன் திங்கிங்' பயிற்சி கொடுத்தார்கள். வகுப்பு முடிந்து இருக்கைக்குத் திரும்பிய பொறியாளரை எதிர்கொண்டது பழைய வேலைதான். எத்தனை மணி நேரம் பில் செய்தோம் என்று நிரப்பும் டைம்ஷீட் மாறவில்லை.

இலக்குகளையும் பார்த்துவிடலாம். 2017 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் வருவாய் 1,020 கோடி டாலர், ஆட்கள் இரண்டு லட்சம். ஆளுக்கு 51,000 டாலர். 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் வருவாய் 1,928 கோடி டாலர், ஆட்கள் 3,23,000க்கும் சற்று மேல். ஆளுக்கு 60,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. சிக்கா 2020க்கு வைத்த 2,000 கோடியை ஐந்து வருஷம் கழித்தும் தொடவில்லை. 80,000 டாலர் இன்னும் தூரத்தில் இருக்கிறது. பரேக் காலத்தில் சத்தமில்லாமல் கம்பெனி இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி, சிக்கா மாற்றப் பார்த்த பழைய வழியிலேயே வந்தது. அந்தச் சண்டையில் ஜெயித்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால், பரேக்கும்கூட இல்லை. ஆள் எண்ணிக்கைதான் ஜெயித்தது.

4

இதை எங்கள் தோல் பட்டையில் வளர்ந்தவன் வேறுமாதிரிப் பார்க்க முடியும்.

1970கள் வரை இங்கிருந்து கப்பல் ஏறியது பெரும்பாலும் பாதி பதனிட்ட தோல். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட 'ஈ.ஐ.' தோல். ஐரோப்பாவில் அதற்கு மெருகேற்றி, ஷூவும் பையுமாக்கி விற்றார்கள். லாபம் அங்கேயே தங்கியது. 1972இல் சீதாராமையா குழு இதைச் சுட்டிக்காட்டியது. மத்திய அரசு 1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும் பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடும் கொண்டுவந்தது. முழுத்தோல், பிறகு ஷூவின் மேல்பாகமான அப்பர், பிறகு முழு ஷூ என்று ஊர் படிப்படியாக மேலேறியதற்கு அதுவே பெரிய தள்ளு. பெரிய முதலாளிகளின் தொலைநோக்கு, சின்ன முதலாளிகளின் துடிப்பு என்று பின்னால் மலர்களில் எழுதிக்கொள்கிறோம். நெருக்கியது வெளியிலிருந்து வந்த ஒரு சட்டம்.

அப்படி மேலேறியும் நாங்கள் நின்ற இடம் என்ன? ஷூ ஆம்பூரில் தைக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் பெயர் வேறு நாட்டுடையது. டிசைன் அங்கிருந்து வரும், விலை அங்கே முடிவாகும், ஜோடிக்கு இவ்வளவு என்று நமக்குக் கிடைக்கும். இன்ஃபோசிஸ் மணிக்கு இவ்வளவு என்று வாங்குவதும் அடிப்படையில் இதே ஜாப் ஒர்க்தான். ஃபினக்கிள் போன்ற சொந்த வங்கி மென்பொருள் அவர்களிடம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் வருவாயின் பெரும்பகுதி அதில் வருவதில்லை. முன்கூட்டியே கணிக்க முடிகிற, தொடரக்கூடிய, லாபமான, ஆபத்து குறைந்த வருவாய் என்பது மூர்த்தி அடிக்கடி சொல்லிவந்த சூத்திரம். நல்ல சூத்திரம். ஆனால் சொந்தமாக ஒரு பொருளைச் செய்து சந்தையில் வைக்கிறவனுக்கு முதலில் கைவிட்டுப்போவது இந்தக் கணிப்புதான். கணிக்க முடிகிற லாபத்தையும் கேட்டுக்கொண்டு புதுசாக ஏதாவது செய் என்றும் சிக்காவிடம் கேட்டார்கள். அவரும் 30 சதவீத லாப விகிதத்தைத் தன் இலக்கிலேயே எழுதிக்கொண்டார். இரண்டும் ஒன்றாக நடக்காது என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. அவர்களுக்குள் இருந்த உண்மையான ஒற்றுமை அங்கேதான் இருந்தது.

மென்பொருள்காரர்கள் 'லெகசி' என்ற சொல்லைப் பாராட்டாகச் சொல்வதில்லை. யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன, யாரும் தொடப் பயப்படுகிற, ஆனால் மொத்தக் கம்பெனியும் அதன்மேல் ஓடுகிற பழைய கோடுக்கு அந்தப் பெயர். மேடையில் நிறுவனரின் லெகசி என்று சொல்லும்போது கைதட்டுகிறோம். இருக்கைக்கு வந்து லெகசி என்றதும் பெருமூச்சு விடுகிறோம். இரண்டும் ஒரே பொருள்தான் என்று எனக்கு இப்போது படுகிறது.

எங்கள் ஊரில் அதற்குப் பாலாறு சாட்சி. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுப்போனதாக வந்த ஆய்வை அது எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றிய தீர்ப்புகளில் முக்கியமானது அது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் 28 வருஷம். படத்தில் இருக்கும் பெரிய முதலாளி வேலை கொடுத்தார், பள்ளிக்கூடம் கட்டினார், பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கிணற்றுத் தண்ணீர் உப்பானதும் அவர் காலத்தில்தான். சுத்திகரிப்புக்குக் காசு போட்டதும், அதையே காரணம் காட்டிக் கூலியைப் பிடித்துவைத்ததும் சின்ன முதலாளி காலத்தில். இரண்டு பேரில் யாரைக் கொண்டாடுவது என்று எங்களைக் கேட்டால், நாங்கள் ஆற்றைத்தான் பார்ப்போம்.

5

2023 அக்டோபரில், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று மூர்த்தி சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. தன் கம்பெனியைக் கட்டிய நாட்களில் அவர் அதற்கும் மேலே உழைத்தவர். அவர் கட்டியது அவருடையது என்ற ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லவில்லை. 2017இல் அவர் குடும்பத்தின் பங்கு 3.44 சதவீதம்தான். அவ்வளவு சின்னப் பங்கை வைத்துக்கொண்டு ஒரு சி.இ.ஓ.வை வெளியேறவைக்கும் அளவுக்கு அவர் குரலுக்குக் கனம் இருந்தது. அதே கட்டடத்தில் இரண்டு லட்சம் பேருக்கு அந்தக் கனத்தில் துளியும் இல்லை. 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில் பயிற்சித் தேர்வில் தேறவில்லை என்று 300க்கும் மேற்பட்ட இளைஞர்கள் வெளியேற்றப்பட்டபோது, படத்திலிருந்த நிறுவனரோ கனவு கண்ட வாரிசோ அவர்களுக்காக எழுதிய கடிதம் எதுவும் செய்தித்தாளில் என் கண்ணில் படவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது முறையான உடை கட்டாயம். ஆம்பூர் ஹைவே பக்கம் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் கடையில் அப்பா எனக்கு ஒரு கறுப்பு லெதர் ஷூ வாங்கித் தந்தார். வாங்குவதற்கு முன் உள்பக்கம் விரலை விட்டு லைனிங்கைத் தடவிப் பார்த்தார். "மேல பாக்காத. பையர்காரன் மேலதான் பாப்பான். கால் படறது உள்ளதான்" என்றார். சில வருஷத்தில் எங்கள் கம்பெனியிலும் உடை விதி தளர்ந்தது. எல்லோரும் கேன்வாஸ் ஷூவுக்கு மாறினோம். அதை விடுதலை என்று நினைத்தேன். அதே சமயத்தில் ஆம்பூரில் லெதர் ஆர்டர் குறைகிறது, தோல் இல்லாத ஷூவுக்கு லைனை மாற்றுகிறார்கள் என்று அப்பா போனில் சொன்னார். இரண்டும் ஒரே சேதி என்று எனக்குப் புரிய நாளானது.

மூர்த்தியா சிக்காவா என்ற வாக்குவாதம் ஷூவை மேலிருந்து பார்க்கிற வாக்குவாதம். ஒருவர் மெருகு பழசு, இன்னொருவர் மெருகு புதுசு. மூர்த்தியின் நேர்மையை மதிக்கிறேன். சிக்காவின் கண்ணை மதிக்கிறேன். ஆனால் அடுத்த முறை நண்பர்கள் இந்தப் பேச்சை எடுக்கும்போது நான் கேட்கப்போவது அப்பாவின் கேள்வியை. பேரைச் சொல்லிக் கூப்பிடுவது வேண்டுமா, பி.எஃப். வேண்டுமா? இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்றும் சேர்த்துக் கேட்பேன்.